ஜாயின்ட் இல்லாத கண்ணாடி

மாமா எங்கே போய்விட்டு வந்தாலும் அங்கே இருந்த கண்ணாடிகளைப் பற்றி மட்டும்தான் சொல்வார். ஒருமுறை நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் மட்டும் போக வேண்டி வந்தது. அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கேட்டாள், "எப்படி நடந்தது?"

"மேடைக்குப் பின்னால மூணு ஷீட் போட்டிருந்தான். நடு ஷீட் சாஞ்சிருக்கு."

"பொண்ணு எப்படி இருந்தா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "முன்னாடியே நின்னுட்டிருந்தா. அதனால ஜாயின்ட் சரியா தெரியல."

அவர் என் அம்மாவுக்குத் தம்பி. கண்ணாடி வெட்டிப் பதிப்பது தொழில். சலூன், ஜவுளிக்கடை, ஓட்டல் வரவேற்பறை என்று எங்கெல்லாம் ஆட்கள் தங்களைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்களோ அங்கெல்லாம் அவர் கை பட்டிருக்கும். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். பெரிய ஷீட் தூக்க ஆள் குறைந்தால் மறுமுனையை நான் பிடிப்பேன். அப்படிப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நடக்கையில் அவரைக் கவனித்திருக்கிறேன். கண்ணாடியில் தன் முகம் எங்கே விழுகிறதோ அந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் கோடு தெரியாது என்பது அவர் கட்சி. சவரம்கூடக் கையால் தடவித்தான். தாடைக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்று முடி தப்பி நிற்கும்.

தொழிலில் அவருக்கு இரண்டு கவலைகள். ஒன்று ஜாயின்ட். எவ்வளவு பெரிய ஷீட் வாங்கினாலும் சுவர் அதைவிடப் பெரியதாக இருக்கும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் ஒரு கோடு விழுந்தே தீரும். இன்னொன்று ஈரம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் முதலில் உள்ளங்கையை வைப்பார், பிறகு கன்னத்தை வைப்பார். கை ஏமாந்துவிடும், கன்னம் ஏமாறாது என்பார். துளி ஈரம் இருந்தாலும் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து சத்தம் போட்டாலும் நிற்க மாட்டார்.

"கண்ணாடிக்கு எதிரி கல்லுன்னு நினைப்பாங்க மாப்ள. இல்ல. ஈரம்தான். பின்னாடி போய் உக்காந்துச்சுன்னா ரசத்தைத் தின்னுடும். ஓரத்துல இருந்து கறுத்துக்கிட்டே வரும்."

இப்படிப்பட்டவர் ஒருநாள் சலூன் ஒன்றில் பழைய கண்ணாடியைக் கழற்றப் போனார். சலூன்காரர் சுவரில் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தார். மேலே வானம், கீழேயும் அதே வானம், நடுவில் ஒரு மனிதன், அவன் காலோடு கால் ஒட்டித் தலைகீழாக அதே மனிதன். மாமா கழற்றும் வேலையை நிறுத்திவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மூக்கு உரசும்படி நின்றார்.

"இதுல ஜாயின்ட் எங்க?"

"அது கண்ணாடி இல்லண்ணே. உப்பு. பொலிவியான்னு ஒரு நாடு, தென் அமெரிக்காவுல. மைல் கணக்கா உப்பு. உலகத்துலேயே பெரிய கண்ணாடின்னு கீழ போட்டிருக்கு பாருங்க."

"உப்பா?"

"உப்புதான்."

"ஒரே ஷீட்டா?"

சலூன்காரர் சிரித்துவிட்டார். "ஆமாண்ணே. ஒரே ஷீட்டு. போய்ப் பதிச்சுட்டு வாங்க."

மாமா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்து என் அறை வாசலில் நின்றார். அந்த நாட்டுக்கு எப்படிப் போவது என்று பார்க்கச் சொன்னார். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. விற்காமல் கிடந்த சின்ன மனையும் விலை போயிருந்தது. வாழ்க்கையில் அவர் தனக்கென்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: மே முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம், வானம் தெளிவாக இருக்கும், பாதைகள் திறந்திருக்கும், அப்போது போவதே உத்தமம். மாமா அதற்கு மேல் என்னைப் படிக்க விடவில்லை.

"ஈரம் இல்லாத மாசம்தானே? அப்புறம் என்ன. சுத்தமா இருக்கும்."

கண்ணாடி விஷயத்தில் அவரிடம் யார் எதிர்த்துப் பேசுவது. அவர் தலையாட்டிவிட்டால் எங்களுக்கெல்லாம் அது முடிந்த கதை.

நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய் அத்தையிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள், "ஜூலையும் அதுல வருதா?"

"வருது அத்தை. நடு மாசமே அதுதான்."

அத்தை துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. பட்டாணி, சோளம், மீன் துண்டு எல்லாம் உறைந்துபோய் மூட்டையாக வந்து பெட்டியாக வெளியே போகும் இடம். பெட்டி கட்டும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு, சாவிக்கொத்து அவளிடம்தான். வருஷத்தில் ஒருமுறை, ஜூலையில், இயந்திரங்களைப் பிரித்துத் துடைக்கவும் சுவரில் ஏறிய பனியைச் சுரண்டவும் கிடங்கை மூடுவார்கள். நீண்ட லீவு என்று அவளுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். அந்த லீவில் ஒவ்வொரு வருஷமும் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போடுவாள். மாமா அப்போதெல்லாம் ஏதாவது ஒரு சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

"அங்க ஜூலையில குளிர்காலமாம் அத்தை. ராத்திரியில தண்ணி உறைஞ்சு போற குளிர்."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. அத்தையின் முகம் மலர்ந்தது.

"குளிர்தானே? அதை என்கிட்ட விடுங்க."

அதற்குப் பிறகு பயண ஏற்பாடு முழுக்க அத்தை கைக்குப் போய்விட்டது. தன் வேலைக்கோட்டு அவளிடம் இருந்தது. கிடங்கில் சொல்லி மாமாவுக்கும் ஒன்று கடன் வாங்கி வந்தாள். நீல நிறத்தில், பஞ்சு திணித்து, முழங்காலைத் தொடும் கோட்டுகள். இரண்டும் கதவுக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்கின. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குண்டு மனிதரும் ஒரு குண்டுப் பெண்மணியும் நம்மை வரவேற்பதுபோல இருக்கும்.

கோட்டு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும் என்று மாமாவை ஒருநாள் கிடங்குக்கே வரச் சொன்னாள். நானும் கூடப் போனேன். கனமான கதவு பின்னால் மூடிக்கொண்டதும் மாமா தோளைக் குறுக்கி, கைகளை அக்குளில் சொருகிக்கொண்டார். மூச்சு புகையாக வந்தது. அத்தையோ வீட்டுக் கூடத்தில் நடப்பவள்போல அடுக்குகளுக்கு நடுவே நடந்து, ஒரு பெட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

"மூக்கால மூச்சு விடுங்க. வாயைத் திறக்காதீங்க. காலை மாத்தி மாத்தி வைங்க, அப்படியே நிக்காதீங்க."

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "யாருக்கா இது, டூரிஸ்டா?" என்றாள்.

"ஆமா. உள்ளூர் டூரிஸ்ட். கொஞ்சம் கெட்டுப்போகாம பாத்துக்கோ."

மாமா பல் தந்தியடிக்க, சுவரில் இரும்புத் தகடுகள் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஜாயின்ட்டுக்கு என்ன பசை போட்டிருக்காங்க?"

"உள்ள வந்தும் அதுதானா?" என்று அத்தை சலித்துக்கொண்டாள். ஆனால் குரலில் சலிப்பே இல்லை. வெளியே வந்து கோட்டைக் கழற்றும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "இவர்கூட எங்க போனாலும் நான் சும்மா நிக்கிற ஆளாத்தான் இருந்திருக்கேன். இந்தத் தடவை பாரு, நான்தான் இவரைக் கூட்டிட்டுப் போகணும்."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிக்கெட் உறுதி செய்யப் போன அந்த சனிக்கிழமை வரை.

பயண அலுவலகத்துப் பெண் பொறுமைசாலி. எந்த விமானத்தில் ஏறுவது, எங்கே மாறுவது, உயரமான ஊர் என்பதால் மூச்சு வாங்கும், முதல் நாள் ஓடியாடக் கூடாது என்றெல்லாம் விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினாள். அத்தை ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கேள்வி கேட்டாள். கடைசியில் மாமா கனைத்துக்கொண்டு தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் கண்ணாடியை எந்தப் பக்கம் பாத்து நின்னா நல்லா தெரியும்மா?"

"எந்தக் கண்ணாடி சார்?"

"உப்புக் கண்ணாடி. வானம் கீழ தெரியுமே."

அந்தப் பெண் கோடு போட்டுக்கொண்டிருந்த விரலை நிறுத்தினாள். "அது மழைக்காலத்துல சார். மழை பெஞ்சு, உப்பு மேல லேசா தண்ணி நிக்கும். அப்பதான் கண்ணாடி மாதிரி இருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஜூலையில காஞ்சு போய் வெறும் உப்புதான் இருக்கும்."

"தண்ணியா?"

"தண்ணிதான் சார்."

"கண்ணாடிக்கு ஈரம் ஆகாதேம்மா. பின்னால போனா கறுத்துடும்."

"இது பின்னால இல்ல சார். மேலதான் நிக்குது."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ சுவர்களில் ஒட்டி எடுத்த கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை. அவரும் தனக்குத் தெரிந்ததைத்தான் நம்பினார்.

அந்தப் பெண் தன்மையாகச் சொன்னாள், "இன்னும் டிக்கெட் போடல. தேதி மாத்தலாம். பிப்ரவரியில போட்டுத் தரவா? பாதை கொஞ்சம் மோசமாத்தான் இருக்கும், ஆனா கண்ணாடி கிடைக்கும்."

மாமா அத்தையைப் பார்த்தார். பிப்ரவரியில் கிடங்கு இரவும் பகலும் ஓடும். அப்போது லீவு கேட்டால் வேலையையே விடுவதாக எடுத்துக்கொள்வார்கள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அத்தை யோசிக்கக்கூட இல்லை. "இவருக்கு மட்டும் பிப்ரவரின்னு மாத்திடுங்க."

"நீங்கம்மா?"

"எனக்குக் கண்ணாடியில என்ன இருக்கு."

திங்கட்கிழமை முடிவு சொல்வதாக எழுந்து வந்தோம். பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின் இருக்கையில். மாமா பஸ் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு மாமாதான், "நீயும் எப்படியாவது…" என்று ஆரம்பித்தார்.

"எப்படியாவதுன்னா எப்படி? சாவியை ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டு வரவா? சும்மா இருங்க. நீங்க போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"எனக்கு சொல்லத் தெரியாதே."

"தெரியுமே எனக்கு. ஜாயின்ட் இல்லன்னு சொல்லுவீங்க. அதோட முடிஞ்சது." அத்தை சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரும்வரை திரும்பவே இல்லை.

மறுநாள் ஒரு நடனப் பள்ளியில் வேலை. நீளச் சுவர் முழுக்கக் கண்ணாடி கேட்டிருந்தார்கள். ஒரு முனையில் மாமா, மறுமுனையில் நான். முதல் ஷீட்டை ஏற்றிவிட்டு இரண்டாவதைப் பக்கத்தில் கொண்டுவந்தபோது மாமா இடையில் ஒரு காகிதத்தைச் செருகினார். ஷீட்டுகளை ஒன்றோடொன்று முட்ட விடவே மாட்டார். முட்டினால் வெயில் நாளில் இரண்டும் விரிந்து ஓரம் சில்லு பெயர்ந்துவிடும். காகிதத்தை உருவி எடுத்த பிறகு எட்டி நின்று பார்த்தார். முடி கனத்துக்கு ஒரு கோடு.

நடன ஆசிரியை வந்து விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தக் கோடு தெரியாம பண்ண முடியாதா?"

"முடியாதுங்க. நீங்க ஆடுறதைப் பாத்தீங்கன்னா தெரியாது. கோட்டைப் பாத்தீங்கன்னா தெரியும்."

"நீங்க எதைப் பாப்பீங்க?"

மாமா அடுத்த ஷீட்டைத் தூக்கக் குனிந்தார். சாப்பாட்டு நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவர் என் பக்கம் திரும்பாமலே, "பிப்ரவரின்னு சொல்லிடு மாப்ள" என்றார்.

"அத்தை?"

"அவளே சொல்லிட்டாளே." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "இத்தனை வருஷமா ஒரு ஜாயின்ட்டை மறைக்க முடியல என்னால. எங்கயோ ஒரு இடத்துல அது இல்லாமலே இருக்கு. பாக்காம செத்தா கட்டை வேகாது."

அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அது. நான் சரியென்று தலையாட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தபோது ஏதோ குறைந்திருந்தது. கொக்கியில் ஒரு கோட்டுதான் தொங்கியது. குண்டுப் பெண்மணி மட்டும் தனியாக நின்றாள்.

"இன்னொன்னு எங்க?" என்றார் மாமா.

"திருப்பிக் குடுத்துட்டேன். பிப்ரவரிக்கு அவ்வளவு பெரிய கோட்டு வேணாமாம். மழைக்கோட்டு எடுத்துக்கோங்க." அத்தை நாற்காலி மேல் ஏறி நின்று திரைச்சீலைகளைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். ஜூலைக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் இப்போதே துவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை இறங்கியதும் என்னிடம் வந்தாள்.

"உன் போன்ல அந்த ஜூலைப் படம் இருக்கா? அந்த வெறும் உப்பு. எங்க போறதா இருந்தேன்னு ஒரு தடவை பாத்துடறேன்."

எடுத்துக் காட்டினேன். வெள்ளைத் தரை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அதன் மேல் அறுகோணம் அறுகோணமாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் விரல் உயரத்துக்கு மேடு தட்டியிருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. அத்தை போனைக் கையில் வாங்கி, அதே நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க கிடங்குத் தரை மாதிரியே இருக்கு, நாலு நாள் சுரண்டாம விட்டா." பிறகு, "எவ்வளவு சுத்தமான குளிர் இருக்கும்ல அங்க. மீன் வாசனை இல்லாம" என்றாள்.

மாமா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தால் சீக்கிரம் நிமிர மாட்டார். "இதை யாரு வெட்டினது?"

"யாரும் வெட்டல மாமா. காயும்போது தானா விழுற கோடு."

"மூடாம விட்டுட்டாங்களே. ஒவ்வொண்ணும் மேல துருத்திக்கிட்டு நிக்குது."

"பாருங்க, உங்களுக்கு ஏத்த இடம்தான்" என்றாள் அத்தை. "ஜாயின்ட்டைத் தவிர அங்க ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் நீங்க எண்ணிட்டு வர்றதுக்குள்ள நான் ஊரையே சுத்திப் பாத்துட்டு வந்திருப்பேன்." சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினாள். "போதும்பா. பாத்தாச்சு."

மாமா போனை இடையில் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த திரைச்சீலைகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போகும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் பயண அலுவலகத்துக்குக் கிளம்பியபோது அவர் படிக்கட்டின் கீழே காத்திருந்தார். குளித்து, சட்டை மாற்றி, எங்கோ கிளம்பும் தோரணையில் இருந்தார்.

"ஜூலைன்னே சொல்லிடு. ரெண்டு பேருக்கும்."

"கண்ணாடி மாமா?"

"கிடைக்காது. தெரியும்." சட்டைப் பொத்தானைத் திருகினார். "வருத்தமாத்தான் இருக்கு. அதுக்கு என்ன பண்றது. ராத்திரி பூரா யோசிச்சேன். தனியா போய் நின்னுட்டு, அப்படியே திரும்பி வந்து, இவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒரு கல்யாணத்தையே எனக்கு சொல்லத் தெரியல."

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. கிடங்குக்குத்தான் போறேன். நீ டிக்கெட்டைப் போட்டுட்டு நேரா வந்துடு."

நான் வேலையை முடித்துவிட்டுக் கிடங்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நேற்றுத் திருப்பிக் கொடுத்த கோட்டு திரும்ப வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டால் தனக்கு என்கிறார், எதற்கு என்று கேட்டால் குளிருக்கு என்கிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பெட்டி கட்டும் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்கள். "அக்கா, உங்க டூரிஸ்ட் வந்திருக்கார்."

அத்தை கையுறையைக் கழற்றியபடியே வந்தாள். "என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. பழகிக்கணும்னு வந்தேன்."

"எதுக்குப் பழகணும்? பிப்ரவரியில அங்க..."

"ஜூலைக்கு" என்றார் மாமா.

அத்தை என்னைப் பார்த்தாள். டிக்கெட் காகிதம் என் கையில் இருந்தது. அதை வாங்கிப் படிக்கவில்லை. என் முகத்தை மட்டும் படித்துவிட்டு உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்தாள்.

"லூசா உங்களுக்கு?" என்றாள். "கையை நீட்டுங்க."

ஒரு கையை நுழைத்து, அடுத்ததை நுழைத்து, குளிர் அறைக்குள் கூட்டிப் போனாள். கதவில் பதித்திருந்த சின்ன வட்டக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சொல்லிக் கொடுத்தபடியே மாமா காலை மாற்றி மாற்றி வைத்தார். மூக்கால் மூச்சு விட்டார். அவர் கண் மெல்ல நகர்ந்து, தகடுகள் சேரும் அந்தச் சுவருக்குப் போனது. அத்தை அவருடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தப்பி நின்ற அந்த இரண்டு மூன்று முடியைப் பார்த்து ஏதோ திட்டினாள். கதவு கனம், எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஜிப்பைப் பிடித்துக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.